பதினோரு கண்ணி

கல் கிடைத்துவிட்டது.
நட்டபடியே நிற்கிறது,
துணி காயும் கம்பியின் ஒரு நுனி அதன் கழுத்தில்.
ஈரப் பாவாடையை ஒதுக்கிவிட்டுத் தடவினேன்:
வடக்கு முகத்தில் 'பு',
தெற்கு முகத்தில் மூக்குடைந்த 'இ'.
புதுக்கோட்டைச் சமஸ்தானம் ஒரு கன்னம்,
இங்கிலீஷ் சர்க்கார் மறு கன்னம்.
இன்று இரண்டும் வெறும் மாவட்டங்கள்.

என் கருவி ஒப்புக்கொள்ளவில்லை.
எல்லை இங்கில்லை என்கிறது.
ஏழேகால் அடி வடக்கே,
அந்த வீட்டு அடுப்படிக்குள்.
சங்கிலிக் கணக்கில் பதினோரு கண்ணி.

கீழக்குருந்தன்பட்டிப் பழைய கட்டில்
ஒரே ஒரு வரி இருக்கிறது:
'கல் நகர்ந்ததாகச் சந்தேகம். விசாரிக்க.'
விசாரித்ததாகக் காகிதம் இல்லை.
வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே கொஞ்சம் சொன்னார்கள்.
மீதியை நான் கட்டிக்கொண்டேன்.

தாது வருஷத்துப் பஞ்சம் தின்றது போக
மிஞ்சியவர்களில் இருவர், சடையனும் இருளாயியும்.
அளக்க வந்தவர்கள்
முக்காலியில் கண்ணாடிக் குழாயை ஏற்றி
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள்.
குறுக்கே வீடு இருந்தது.
கோடு நிற்கவில்லை.

அன்றிலிருந்து
அடுப்பு ராசாவுக்கு, அம்மி ராணிக்கு.
உவர்மண் காய்ச்சி உப்பெடுத்தால்
அடுப்பண்டை அது தொழில்,
அம்மியண்டை அது குற்றம்.
துவையலுக்கு உப்புக் கிள்ளிக்கொண்டு
நாலு எட்டு வைத்தாலே
இருளாயி கடத்தல்காரி.
முட்டை விற்ற அம்மன் காசு
தெற்கு வாசல் தாண்டினால் செம்புத் தகடு;
காரைக்குடிச் சந்தையில்
சுண்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

சடையனுக்கு மட்டும் கோடு பிடித்திருந்தது.
சாத்தப்ப செட்டியார் கடையில்
விதைநெல்லுக்கு வாங்கிய பதினெட்டு ரூபாய்
வட்டியோடு நாற்பதாகி
கோர்ட்டுக்குப் போனது.
வாரண்டோடு தெற்கு அமீனா வந்தால்
பாயைச் சுருட்டி வடக்கே உருளுவான்.
வரிப்பாக்கிக்கு வடக்குச் சேவகன் வந்தால்
தெற்கே.
'ரெண்டு சர்க்காருக்கும் நடுவுல
எனக்கு ஒரு தலகாணி போதும்டி' என்பானாம்.

ஒரு மாசி மாதம், பொழுது சாயும் நேரம்,
இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.
வாசலுக்கு ஒருவராய் நின்று
ஒருவருக்கொருவர் வெற்றிலை கொடுத்துக்கொண்டார்கள்.
சடையன் கூரையைப் பிரித்துப் புளியமரத்தில் ஏறினான்.
மரம் எந்தப் பக்கம் என்று
அவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது
மூன்றாவது பக்கமாய் இறங்கிப் போனான்.

அப்புறம் நாகப்பட்டினம். கப்பல்.
மோல்மீனில் ஒரு கடையில் சமையலாள்.
கடை யாருடையது தெரியுமா?
அதே சாத்தப்ப செட்டியாருடையது.
கடனைப் பற்று எழுதி
மூன்று வருஷச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள்.
எந்த அமீனாவுக்கும் எட்டாத கோட்டைத்
தண்ணீர் மேலேயே போட்டு வைத்திருந்தார்கள்.

கடிதம் வந்தது ஒன்று.
அதை வாசிக்கவும் காசு கேட்டான் கணக்கன்.
அம்மன் காசு வேண்டாமாம்.

அன்றிரவு நிலவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.
கடப்பாரை இரவலாக இருக்க வேண்டும்.
ஓர் ஆள் உயரக் கல், பாதிக்கு மேல் மண்ணுக்குள்.
ஒருத்தியாய்ப் பிடுங்கியிருக்க முடியுமா என்று
அளந்து பழகிய என் புத்தி கேட்கிறது.
அம்மியை ஓரமாய் நகர்த்தி
அடுப்படியிலிருந்து தோண்டி
தெற்கு வாசலுக்கு வெளியே புரட்டிக்கொண்டுபோய்
நட்டு, மிதித்து,
மேலே சாணி தெளித்து,
விடிந்ததும் தன் உப்பைத்
தன் வீட்டின் எந்த மூலையிலும் வைத்துத் தின்றிருக்கிறாள்.
'புருசனே இல்ல, எனக்கெதுக்கு ரெண்டு ராசா?'
இதைச் சொன்னபோது மட்டும்
வீட்டுக்காரர்கள் சிரிக்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
கல்லின் நிலை. உள்ளது, இல்லை, இடம்பெயர்ந்தது.
வெயில் ஏறுகிறது.
யாரோ கம்பியில் இன்னொரு சேலை போட வருகிறார்கள்,
நான் தள்ளி நிற்கக் காத்திருக்கிறார்கள்.

உள்ளது
என்று எழுதினேன்.